பழைய கணினிக்குப் புதிய வலை அட்டை: வாங்குமுன் அறிய வேண்டியவை

எமது கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பலவற்றிலும், மாதர் சங்கக் கட்டடங்களிலும், வாசிகசாலைகளிலும் இன்று ஒரு மேசைக் கணினி இருக்கின்றது. பெரும்பாலும் அது பத்து, பதினைந்து வருடப் பழையது. ஏதோவொரு திட்டம் முடிவுற்றபோது விட்டுச் செல்லப்பட்டதாகவோ, வெளிநாட்டிலுள்ள ஊரவர் வாங்கி உதவியதாகவோ இருக்கும். பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளைப் பார்ப்பது, விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைகளை வாசிப்பது, பிரதேச செயலகத்துக்குக் கடிதம் தயாரிப்பது எல்லாம் அதில்தான். இக்கணினி மெதுவாக இயங்கத் தொடங்கியதும், 'நெற்வேர்க் காட்டை மாற்றினால் இன்ரநெற் வேகமாகும்' என்று யாராவது சொல்லிவிடுகின்றனர். சங்கத்தின் சேமிப்பிலிருந்து பணம் எடுக்கப்படுகின்றது.

இந்தக் கேள்வி எம்மிடம் அடிக்கடி வந்து சேருவது கொழும்பு புதுக்கடையிலேயே. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இங்குதான் அமைந்துள்ளன. காணிப் பிரச்சினைகளுக்காக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் எமது குடும்பங்கள், நீதிமன்ற அலுவல் முடிந்ததும் அருகிலுள்ள புறக்கோட்டைக்கோ, பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்கோ சென்று ஊருக்கு வேண்டிய கணினிச் சாமான்களை வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் திரும்புகின்றன. பிழையான சாமானை வாங்கிவிட்டால் அதை மாற்றுவதற்கு மன்னாரிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ மீண்டும் ஒரு பயணம் வேண்டும். ஆகவே வாங்குமுன் சில விடயங்களைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

இணைப்பு ஏன் முக்கியம்?

இதனை வெறும் வசதி சம்பந்தப்பட்ட விடயமாக நாம் பார்க்கவில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தல், வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் ஏறக்குறைய 6,000 ஏக்கர் காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டும் என அறிவித்தது. அக்காணிகளின் சொந்தக்காரர்கள் பலர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, வெவ்வேறு இடங்களில் வாழ்பவர்கள். அதே வருடம் ஜூன் மாதத்தில் புதுக்கடையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அவ்வறிவித்தலை மீளப்பெற்றது. எனினும் அதில் ஒரு பாடம் உண்டு. வர்த்தமானி இன்று இணையத்தில் வெளியாகின்றது. அதனை உரிய காலத்தில் பார்ப்பவருக்கே தவணை முடியுமுன் செயற்பட முடிகின்றது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என எமது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கின்றது. இப்படியான நாட்களில் சங்கத்தின் கணினி வேலை செய்தாக வேண்டும். அதற்காகச் செலவிடும் பணமும் சரியான இடத்தில் செலவாக வேண்டும்.

வலை அட்டை என்றால் என்ன?

கணினியின் பின்புறத்தில், தொலைபேசி வயரின் முனையைவிடச் சற்றுப் பெரிய முனையைச் செருகும் ஒரு துளை இருக்கும். ரவுட்டரிலிருந்து வரும் நீல நிற அல்லது சாம்பல் நிற வயர் அங்கேதான் பொருந்துகின்றது. அந்தத் துளைக்குப் பின்னாலுள்ள பாகமே வலை அட்டை. கடைக்காரர் இதனை 'நெற்வேர்க் காட்' அல்லது 'லான் காட்' என்பார். முன்னைய கணினிகளில் இது தனியான ஓர் அட்டையாக இருந்தது. பின்னர் வந்தவற்றில் தாய்ப்பலகையிலேயே, அதாவது 'மதர்போட்டிலேயே', சேர்த்து அமைக்கப்பட்டுள்ளது.

இதன் அடிப்படைத் தொழில்நுட்பம் ஈதர்நெற் எனப்படும். அமெரிக்காவில் செறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1973இல் ரொபேட் மெற்காஃபும் டேவிட் பொக்ஸும் இதனை உருவாக்கினர். 1983இல் இதற்குச் சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டபோது வேகம் செக்கனுக்கு 10 மெகாபிற். 1995இல் 100 மெகாபிற் தரம் வந்தது. 1999இல் சாதாரண செப்பு வயரிலேயே 1,000 மெகாபிற் செல்லும் தரம் வந்தது. இதனையே 'கிகாபிற்' என்கின்றனர். எமது சங்கங்களிலுள்ள பழைய கணினிகளில் 100 மெகாபிற் அட்டைகளையே அதிகமாகக் காணலாம். சற்றுப் பிந்தியவற்றில் கிகாபிற் இருக்கும்.

இங்கே பிற், பைற் என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 8 பிற் சேர்ந்தது ஒரு பைற். ஆகவே செக்கனுக்கு 100 மெகாபிற் என்றால், செக்கனுக்கு ஆகக்கூடியது 12.5 மெகாபைற் வந்து சேரும். இணைப்பின் வேகத்தைக் கம்பனிகள் மெகாபிற்றில் சொல்கின்றன. கோப்பின் அளவைக் கணினி மெகாபைற்றில் காட்டுகின்றது. இதை அறியாததால் 'சொன்ன வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் வருகின்றது' எனச் சிலர் கவலைப்படுகின்றனர்.

குளமும் துருசும் வாய்க்காலும்

குளம் நிறைய நீர் இருக்கலாம். வயலுக்கு எவ்வளவு நீர் வரும் என்பதைக் குளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. துருசு எவ்வளவு திறந்திருக்கின்றது, பிரதான வாய்க்கால் எவ்வளவு அகலம், கிளை வாய்க்காலில் புல் மண்டியிருக்கின்றதா, மேலே உள்ளவர்கள் எவ்வளவு நீரைத் திருப்பிவிட்டார்கள், கடைசியில் எமது வயலின் வாய் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கின்றது என்பனவெல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவற்றுள் மிக ஒடுக்கமான இடம் எதுவோ, அந்த அளவுக்கே நீர் வரும். அந்த இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் பயனில்லை.

இணையமும் இவ்வாறே. கம்பனியின் இணைப்பு பிரதான வாய்க்கால். ரவுட்டர் கிளை வாய்க்காலைப் பிரிக்கும் இடம். வலை அட்டை எமது வயலின் வாய். கணினியின் உட்பாகங்கள் வயல். இப்போது கணக்கைப் பாருங்கள். பழைய தொலைபேசி மோடத்தின் உச்ச வேகம் செக்கனுக்கு 56 கிலோபிற். அதன் பின்னர் தொலைபேசிக் கம்பியிலேயே வந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்பின் முன்னேறிய வகை, மிகச் சிறந்த நிலைமையில் 24 மெகாபிற் வரை தரக்கூடியது. பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட இவ்வேகம் குறையும். 4ஜீ ரவுட்டரின் வேகமோ கோபுரத்தின் தூரத்தையும், அதனைப் பாவிப்போரின் தொகையையும் பொறுத்தது.

உங்கள் இணைப்பில் 10 அல்லது 20 மெகாபிற்தான் வருகின்றதென்றால், 100 மெகாபிற் அட்டையே ஐந்து பத்து மடங்கு அகலமான வாய். அதைக் கழற்றிவிட்டு 1,000 மெகாபிற் அட்டையைப் பொருத்தினாலும் ஒரு துளி நீரும் கூடுதலாக வராது. கிராமங்களில் அட்டை மாற்றியும் பயன் கிடைக்காமற் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வாங்குமுன் ஐந்து சோதனைகள்

பணம் செலவில்லாத இச்சோதனைகளை, சங்கத்தின் இளைஞர் ஒருவரை வைத்து ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கலாம்.

ஒன்று: கணினியில் இணைப்பு எந்த வேகத்தில் பொருந்தியிருக்கின்றது எனப் பாருங்கள். வின்டோஸில் நெற்வேர்க் பகுதிக்குள் சென்று ஈதர்நெற் இணைப்பின் விபரத்தைத் திறந்தால், 'ஸ்பீட்' அல்லது 'லிங்க் ஸ்பீட்' என்ற இடத்தில் 10, 100 அல்லது 1,000 என்று இருக்கும். இது அட்டைக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வேகம் மாத்திரமே. வெளியிலிருந்து வரும் இணையத்தின் வேகம் அல்ல.

இரண்டு: இணைய வேகத்தை அளக்கும் பக்கம் ஒன்றைக் கணினியில் திறந்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதே ரவுட்டரின் வைஃபையில் ஒரு கைத்தொலைபேசியை இணைத்து, ரவுட்டருக்கு அருகில் நின்று அளந்து பாருங்கள். காலையில் ஒரு தடவையும் இரவு எட்டு மணியளவில் ஒரு தடவையும் செய்யுங்கள். இரண்டிலும் ஒரேயளவு குறைந்த வேகம் என்றால் குறை வெளியே உள்ளது. தொலைபேசியில் கூடவும் கணினியில் குறைவாகவும் இருந்தால் மட்டுமே குறை கணினிப் பக்கத்தில் உள்ளது.

மூன்று: வயரை மாற்றிப் பாருங்கள். அதனுள் எட்டு மெல்லிய கம்பிகள் உள்ளன. 100 மெகாபிற்றுக்கு நான்கு கம்பிகள் போதும். கிகாபிற்றுக்கு எட்டும் வேண்டும். எலி கடித்தோ, கதவில் நசிந்தோ ஒரு கம்பி அறுந்தாலும், கிகாபிற் அட்டை 100 மெகாபிற்றுக்கு இறங்கிவிடலாம். கிகாபிற்றுக்கு 'கற் 5 ஈ' அல்லது அதற்கு மேற்பட்ட வயர் தேவை. வயரின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது.

நான்கு: மாதாந்த டேற்றா அளவு முடிந்துவிட்டதா எனப் பாருங்கள். பல திட்டங்களில் அந்த அளவு முடிந்ததும் வேகம் மிகவும் குறைக்கப்படும். மாதத்தின் முற்பகுதியில் வேகமாகவும், பிற்பகுதியில் மெதுவாகவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஐந்து: கணினியே சோர்ந்துவிட்டதா எனப் பாருங்கள். கொன்ரோல், ஓல்ற், டிலீற் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தி 'ராஸ்க் மனேஜரை'த் திறவுங்கள். ஓர் இணையப் பக்கம் திறக்கும்போது நினைவகமோ வன்தட்டோ நூறு வீதத்தை நெருங்கி நின்றால், நீர் வந்தும் வயல் உறிஞ்ச முடியாத நிலை அது. 2 கிகாபைற் நினைவகம் கொண்ட கணினிகள் இன்றைய பக்கங்களைத் தாங்க முடியாமற் திணறுகின்றன. இதற்கு நினைவகத்தைக் கூட்டுவதும், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துவதுமே மருந்து.

அட்டை மாற்றுவது எப்போது சரி?

மூன்று சந்தர்ப்பங்களில் அட்டை மாற்றுவது நல்ல செலவு.

முதலாவது, உங்கள் இடத்துக்கு ஃபைபர் இணைப்பு வந்து, நீங்கள் எடுத்த திட்டம் 100 மெகாபிற்றுக்கு மேற்பட்டதாக இருந்து, கணினியின் அட்டை 100 மெகாபிற் ஆக இருக்கும்போது. இங்கே வயலின் வாய்தான் ஒடுக்கம். கிகாபிற் அட்டை போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, கணினியிலுள்ள துளை பழுதடைந்திருக்கும்போது. எமது பிரதேசங்களில் இதற்குப் பெரிய காரணம் இடிமின்னல். சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகையிலும் மாலை நேரத்து மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவோ மின்கம்பி வழியாகவோ வந்து ரவுட்டரையும், அதனுடன் இணைந்த கணினியின் துளையையும் எரித்துவிடுகின்றது. கணினியின் மிகுதிப் பாகங்கள் நன்றாக இருக்கும். துளையின் சிறு விளக்கு மட்டும் எரியாது. 'மதர்போட் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்' என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். தனியான ஒரு வலை அட்டை பொருத்தினால் அக்கணினி இன்னும் சில வருடங்கள் உழைக்கக்கூடும்.

மூன்றாவது, ஒரே நிலையத்தில் பல கணினிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரிய கோப்புகளைப் பரிமாறும்போது. கணினி வகுப்பு நடத்தும் நிலையங்களுக்கு இது பொருந்தும். இங்கும் அட்டைகள், வயர்கள், நடுவிலுள்ள சுவிச் ஆகிய அனைத்தும் கிகாபிற் ஆக இருந்தாலே பயன் உண்டு.

எதை வாங்குவது?

கடைக்குப் போகுமுன் கணினியின் பக்க மூடியைக் கழற்றி, உள்ளே தெரிவதைத் தொலைபேசியில் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். இது மிக முக்கியம். அட்டை செருகும் இடங்கள் இரண்டு வகை. பழைய வகை பீ.சீ.ஐ. அது ஏறக்குறைய எட்டரை சென்ரிமீற்றர் நீளமானது, பெரும்பாலும் வெள்ளை நிறமானது. புதிய வகை பீ.சீ.ஐ. எக்ஸ்பிரஸ். அதில் வலை அட்டைக்குரிய சிறிய துளை இரண்டரை சென்ரிமீற்றர் அளவே இருக்கும். ஒன்றுக்குரிய அட்டை மற்றதில் ஏறாது.

இரண்டும் இருந்தால் பீ.சீ.ஐ. எக்ஸ்பிரஸையே தெரிவுசெய்யுங்கள். பழைய பீ.சீ.ஐ. வழியை அதில் செருகியுள்ள எல்லா அட்டைகளும் பங்குபோட வேண்டும். ஆதலால் கிகாபிற் அட்டை அங்கே தன் முழு வேகத்தைக் காட்டாது. கணினிப் பெட்டி ஒடுங்கிய வகையாக இருந்தால், அட்டையின் உலோகத் தகடும் குட்டையானதாக இருக்க வேண்டும். இதையும் கடையில் சொல்லுங்கள்.

பெட்டியைத் திறக்க விருப்பமில்லாதவர்கள் யூ.எஸ்.பி. துளையில் செருகும் வலை இணைப்பியை வாங்கலாம். யூ.எஸ்.பி. 2 துளையின் உச்சமே 480 மெகாபிற் என்பதால், கிகாபிற் இணைப்பியும் அங்கே பாதி வேகத்தைக்கூடத் தராது. ஆயினும் கிராமத்து இணைப்புக்கு அதுவே தாராளம். மின்னலில் துளை எரிந்த கணினிக்கு மிக இலகுவான வழியும் இதுதான்.

உங்கள் கணினியிலுள்ள வின்டோஸ் பதிப்புக்கு அந்த அட்டை ஒத்துவருமா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாதத்தையும் கேட்டு வாங்குங்கள். முடியுமானால் கடையிலேயே பெட்டியைத் திறந்து அட்டையைப் பார்த்துவிடுங்கள்.

பொருத்தும் முறை

முதலில் அட்டைக்குரிய டிரைவர் மென்பொருளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டை வேலை செய்ய டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அட்டை வேண்டும் என்ற சுற்றில் பலர் அகப்பட்டு நிற்கின்றனர். அவசரத்துக்குக் கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வயரால் கணினியில் இணைத்து, அதன் இணையத்தையும் பயன்படுத்தலாம்.

கணினியை முறைப்படி நிறுத்தி, சுவரிலுள்ள பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். பின்பு கணினியின் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்க மூடியைத் திறந்து, தூசியையும் எறும்பு, பல்லிக் கழிவுகளையும் காய்ந்த தூரிகையால் மெதுவாக அகற்றுங்கள். அட்டையைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைக் கையால் தொட வேண்டும். எமது உடலிலுள்ள நிலைமின் அட்டையைப் பழுதாக்காமல் இருப்பதற்கே இது. மின்சக்திப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம்.

துளைக்கு நேரே பின்புறமுள்ள தகட்டை நீக்கி, அட்டையை இரு முனைகளிலும் சமமாக அழுத்தி நேராக இறக்குங்கள். சரிவாக அழுத்தினால் துளை உடையும். திருகாணியைப் பூட்டி, மூடியைப் போட்டு, வயரைப் புதிய அட்டையில் செருகிக் கணினியை இயக்குங்கள். டிரைவரைப் பதிந்த பின்னர் சிறு விளக்கு எரிய வேண்டும். முன்பு குறித்து வைத்த அளவுடன் புதிய அளவை ஒப்பிட்டுச் சங்கத்தின் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை தீர்மானம் எடுப்போருக்கு அது உதவும்.

இன்னுமொன்று. மைக்ரோசொஃப்ற் நிறுவனம் வின்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவை 2020 ஜனவரி 14ஆம் திகதியும், வின்டோஸ் 10க்கான பொது ஆதரவை 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியும் முடித்துக்கொண்டது. அட்டை புதிதானாலும் பாதுகாப்பற்ற கணினியில் வங்கி அலுவல்களைச் செய்வது ஆபத்து. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளுள் பழைய கணினிகளுக்கு ஏற்றவையும் உண்டு. தமிழிலும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

கொத்மலையின் அனுபவம்

மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் கொத்மலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் ஊர்களையும் வயல்களையும் இழந்தன. அப்பிரதேச மக்களுக்காக 1989இல் கொத்மலை சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கே இணைய இணைப்பும் வந்தது. அதன் வேகம் செக்கனுக்கு 64 கிலோபிற். இன்றைய ஒரு மெகாபிற்றில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. ஆனால் நேயர்கள் கேள்விகளை அனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் தேடி, அறிந்தவர்களைக் கொண்டு விளக்கி, விடையை வானொலியில் சொன்னார்கள். கணினியையே காணாத குடும்பமும் அதனால் பயன்பெற்றது. அவ்வளவு ஒடுங்கிய வாய்க்காலில் வந்த நீரைப் பல வயல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

எமது சங்கங்களும் இதனைச் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் வர்த்தமானியையும், நீதிமன்ற அறிவித்தல்களையும், விவசாய ஆலோசனைகளையும் பார்த்து, முக்கியமானவற்றை எளிய தமிழில் எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டட்டும். எழுத வாசிக்க இயலாதோருக்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்டட்டும். கணினி அறையின் திறப்பு ஒருவர் கையில் மட்டும் இல்லாமல் இருக்கட்டும். இச்செயல்களுக்கு அதிக வேகம் தேவையில்லை. ஒழுங்காக இயங்கும் இணைப்பு ஒன்றே போதும்.

ஆகவே செலவின் ஒழுங்கு இப்படி அமையட்டும். முதலில் சோதனை. அடுத்து வயர். ரவுட்டரை யன்னலோரமாகவோ உயரமான இடத்திலோ வைப்பதற்குப் பணமே வேண்டாம். பின்னர் நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும். ஒடுக்கம் அங்கேதான் என்று உறுதியானால் மட்டும் வலை அட்டை. அட்டை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், வானம் இருண்டு முழக்கம் கேட்டவுடன் மின்சார பிளக்கையும் ரவுட்டருக்கு வரும் கம்பியையும் கழற்றிவிடுவதை எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பழக்கமே பல கணினிகளைக் காப்பாற்றும்.